ஏத்தம் வந்தா இறங்கித் தள்ளுங்க

சைக்கிள் பற்றி ஒரு நீளமான இழை. டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டு ஆற அமரப் படிங்க.

நான் வடக்கு இங்கிலாந்துல ஒரு சின்ன ஊர்ல குடும்ப மருத்துவரா வேலை பார்க்கிறேன். ஐம்பதைத் தாண்டினவங்க என்கிட்ட அடிக்கடி சொல்ற ஒரு வரி இருக்கு. "சைக்கிள் ஓட்ட ஆசைதான் டாக்டர், ஆனா இந்த ஊர் மேடு நமக்கு ஆகாது." இங்கே குடியேறின நம்ம ஆளுங்களும் சொல்றாங்க, இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரங்களும் சொல்றாங்க.

என் கருத்தை முதல்லயே போட்டு உடைச்சிடறேன். இங்கிலாந்தோட மேடு பள்ளமான கிராமப்புறத்துல, அவசரமில்லாம, நின்னு நின்னு, முடியாத இடத்துல இறங்கித் தள்ளிக்கிட்டு நாலஞ்சு நாள் சைக்கிள் பயணம் போறது, நடுவயசுக்காரங்களுக்கு நான் தயங்காம சொல்லக்கூடிய நல்ல உடற்பயிற்சிகள்ல ஒண்ணு. அதுக்குக் குறுக்கே நிக்கிறது மேடு இல்ல. இறங்கித் தள்ளுறது அவமானம்ங்கிற நினைப்பு.

முதல்ல அந்த மேடுகளைப் பத்தி. இங்கிலாந்தோட மிக உயரமான மலை ஸ்காஃபெல் பைக். உயரம் வெறும் 978 மீட்டர். உலகக் கணக்குல இது மலையே இல்ல, குன்று. அப்புறம் ஏன் எல்லாருக்கும் நாக்கு தள்ளுது?

காரணம் உயரம் இல்ல, சரிவு. ஆல்ப்ஸ் மலைப்பாதைகளை எடுத்துக்கோங்க. வண்டி வாகனம் ஏறணும்னு என்ஜினியர்கள் கணக்குப் போட்டுக் கட்டினது. கொண்டை ஊசி வளைவு வளைவா, பெரும்பாலும் 7, 8 சதவீதச் சரிவுல போகும். நீளமா இருக்கும், ஆனா ஒரே சீரா இருக்கும். இங்கிலாந்தோட கிராமத்துச் சந்துகள் அப்படி இல்ல. பல சந்துகள் ஒரு காலத்துல மனுஷனும் ஆடும் பொதிக்குதிரையும் நடந்து நடந்து உண்டான தடம். வளைஞ்சு போகிற பழக்கமே அதுக்குக் கிடையாது. ஆத்துப் பாலத்துல இருந்து நேரா மேல ஏறி, அந்தப் பக்கம் நேரா கீழே விழும். அடுத்த ஓடை, அடுத்த பாலம், மறுபடியும் அதே கதை.

லேக் டிஸ்ட்ரிக்ட்ல ஹார்ட்நாட் பாஸ், வடக்கு யார்க் மூர்ஸ்ல ரோஸ்டேல் சிம்னி பேங்க். இந்த ரெண்டு ரோட்டுலயும் மோசமான இடங்கள்ல மூணுக்கு ஒண்ணு சரிவு. அதாவது மூணு மீட்டர் முன்னால போனா ஒரு மீட்டர் மேல ஏறணும். வீட்டு மாடிப்படி மாதிரி.

ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்துல இதுக்குன்னே ஒரு குறி உண்டு. ரோட்டு மேல ஒத்தை அம்புக்குறி இருந்தா 14 முதல் 20 சதவீதச் சரிவு. ரெட்டை அம்புக்குறின்னா 20 சதவீதத்துக்கும் மேல. அம்பு இறக்கத்தோட திசையைக் காட்டும். பயணத் திட்டம் போடும்போது தூரத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இந்த அம்புகளை எண்ணுங்க. 40 கிலோமீட்டர்னு கேட்டா சுலபமாத் தெரியும். வழியில எட்டு அம்பு இருந்தா அது ஒரு முழு நாள் வேலை.

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

உங்க எடை 80 கிலோ. சைக்கிளும் பையும் சேர்ந்து 20 கிலோ. மொத்தம் 100. பத்து சதவீத ஏத்தத்துல, மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க. அது வேகமா நடக்கிற ஆளோட வேகம்தான். அதுக்கே உங்க கால் சுமார் 160 வாட் சக்தி கொடுக்கணும். பயிற்சி இல்லாத நடுவயசுக்காரர் ஒருத்தர் தொடர்ந்து 100 வாட் கொடுத்தாலே எனக்குச் சந்தோஷம். சரிவு இருபதாச்சுன்னா கணக்கு 320 வாட். அதெல்லாம் பந்தயக்காரங்க சமாச்சாரம்.

"மெதுவா மிதிச்சா போச்சு"ன்னு சொல்வீங்க. முடியாது. மணிக்கு அஞ்சு கிலோமீட்டருக்குக் கீழே போனா சைக்கிள் ஆட ஆரம்பிக்கும், பேலன்ஸ் நிக்காது. ஆக, சைக்கிள் மேல உட்கார்ந்திருக்கிற வரைக்கும் உங்களால குறைக்க முடியாத ஒரு குறைந்தபட்சச் சுமை இருக்கு. இறங்கினாத்தான் அது குறையும். மணிக்கு மூணு கிலோமீட்டர்ல தள்ளிக்கிட்டுப் போனா, அதே மேடு, அதே எடை, ஆனா மேலே தூக்குற வேலை 80 வாட் பக்கம் வந்துடும்.

அதனாலதான் சொல்றேன், இறங்கித் தள்ளுறது தோத்துப் போறது இல்ல. அதுவும் ஒரு கியர். சைக்கிள்ல இருக்கிற கியர்கள்லயே கடைசி, ரொம்பச் சின்ன கியர். அதுக்குக் காசும் கிடையாது.

நான் இதயத்தைப் பத்தி யோசிக்கிறப்ப இந்த 160-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயம் இல்ல. ஒண்ணு மூச்சு முட்ட வைக்கிற வேலை. இன்னொண்ணு பேசிக்கிட்டே செய்யக்கூடிய வேலை.

இந்த இடத்துல ஒரு பழைய ஆங்கிலேய மருத்துவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தணும். பேர் வில்லியம் ஹெபர்டன். 1768-ல லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்ல ஒரு உரை படிச்சார். 1772-ல அது அச்சுல வந்தது. நடக்கும்போது, அதுலயும் மேட்டுல ஏறும்போது, சாப்பிட்ட கையோட நடக்கும்போது, நெஞ்சுல ஒரு பிடிப்பு வரும், நின்னா போயிடும்னு அவர் அதுல விவரிச்சார். ஆஞ்சைனாங்கிற நோய்க்கு அந்தப் பேரை வச்சவர் அவர்தான். ஈசிஜி கிடையாது, ஆஞ்சியோகிராம் கிடையாது. நோயாளி சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டார். அவ்வளவுதான்.

250 வருஷத்துக்கு அப்புறமும் நான் என் அறையில கேக்கிற முதல் கேள்வி அதேதான். "மேடு ஏறும்போது நெஞ்சுல எப்படி இருக்கு?" ட்ரெட்மில் பரிசோதனையில நடைபட்டையோட சரிவைப் படிப்படியா கூட்டுறோமே, அது என்ன? ஆஸ்பத்திரிக்குள்ள செஞ்சு வச்ச ஒரு மேடு.

அதே ஹெபர்டன் இன்னொரு விஷயமும் எழுதிட்டுப் போனார். அதைப் பல பேர் மறந்துட்டாங்க. இந்த நோய் இருந்த ஒருத்தர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுக்கிறதை ஒரு வேலையா வச்சுக்கிட்டார், கிட்டத்தட்டக் குணமாயிட்டார்னு. யோசிச்சுப் பாருங்க. அதுக்கப்புறமும் ரொம்ப காலம் மாரடைப்பு வந்தவங்களைப் படுக்கையை விட்டு அசையக் கூடாதுன்னு வாரக்கணக்குல படுக்க வச்சோம். மருத்துவத் துறைக்கு அந்த மரம் அறுத்தவர் புரிய ரொம்ப நாளாச்சு.

அப்புறம் ஜெர்ரி மாரிஸ். 1953-ல லான்செட் இதழ்ல லண்டன் பஸ் ஊழியர்களைப் பத்தி எழுதினார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் மாடி பஸ்ல படி ஏறி இறங்கிக்கிட்டே இருப்பார். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவா இருந்தது. உடல் உழைப்பு இதயத்தைக் காக்கும்னு புள்ளிவிவரத்தோட காட்டின முதல் பெரிய ஆய்வுகள்ல அது ஒண்ணு. மாரிஸ் 99 வயசு வரைக்கும் இருந்தார். அந்தக் கண்டக்டர்கள் யாரும் படியில ஓடலைங்கிறதைக் கவனிங்க. டிக்கெட் கொடுத்துக்கிட்டே ஏறினாங்க, இறங்கினாங்க, நடுவுல நின்னு பேசினாங்க. நான் சொல்ற சைக்கிள் பயணமும் அந்த மாதிரிதான்.

சைக்கிளைப் பத்தியே நேரடியா வேணும்னா, 2017-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வு இருக்கு. இரண்டரை லட்சம் பேருக்கும் மேல. வேலைக்கு சைக்கிள்ல போனவங்ககிட்ட இதய நோய், புற்றுநோய், இறப்பு எல்லாமே குறைவா இருந்தது. இது கவனிச்சுப் பதிவு பண்ணின ஆய்வுதான். சைக்கிள்ல போறவங்க ஏற்கனவே ஆரோக்கியமா இருக்கலாம்ங்கிற சந்தேகம் நியாயமானது. ஆனா வேற பல திசையில இருந்து வர்ற ஆதாரமும் இதே பக்கம்தான் கை காட்டுது.

எங்க மருத்துவ இனத்தோட பெருமையையும் கொஞ்சம் சொல்லணும். 1890-கள்ல பெண்கள் சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சப்ப, சில மருத்துவர்கள் "சைக்கிள் முகம்"னு ஒரு வியாதி வரும்னு எழுதினாங்க. பேலன்ஸ் பண்ற பதட்டத்துல முகம் இறுகி அப்படியே நின்னுடுமாம்! நல்லவேளை, பெண்கள் அவங்களைக் கண்டுக்கவே இல்ல.

அந்தக் காலத்துச் சைக்கிள்காரங்களுக்கு மேட்டுல இறங்குறதுல எந்த வெட்கமும் இருந்ததில்லை. 1878-ல ஹாரோகேட்ல சைக்கிள் பயணிகளுக்குன்னு ஒரு சங்கம் தொடங்கினாங்க. சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப். இன்னிக்கு சைக்கிளிங் யூகே-ங்கிற பேர்ல இருக்கு. அவங்க செஞ்ச ஆரம்ப காலப் பணிகள்ல ஒண்ணு, செங்குத்தான மேடுகளோட உச்சியில "இந்த இறக்கம் ஆபத்தானது"ன்னு எச்சரிக்கைப் பலகை நட்டது. கார் வர்றதுக்கு முன்னாடியே. நல்லா தங்கக்கூடிய விடுதிகளைத் தேர்ந்தெடுத்து இறக்கை வச்ச சக்கரச் சின்னத்தையும் மாட்டினாங்க. எங்கே இறங்கணும், எங்கே சாப்பிடணும். பயணம்னா அதுதான்.

சைக்கிளுக்குக் காத்தடிக்கிற டயரை 1888-ல நடைமுறைக்குக் கொண்டு வந்த ஜான் பாய்டு டன்லப் ஒரு கால்நடை மருத்துவர்ங்கிறதையும் சொல்லி வச்சுக்கறேன். மகனோட மூணு சக்கர வண்டி குலுங்காம ஓடணும்னு செஞ்சது. மருத்துவ இனத்துக்கு எங்கேயாவது ஒரு மார்க் வேணும் இல்லையா.

நம்ம வீட்டுப் பெரியவங்க ஓட்டின சைக்கிளும் இந்த மேடுகள்ல இருந்து வந்ததுதான். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ ரெண்டும் பர்மிங்காம். ராலே நாட்டிங்ஹாம். 1949-ல முருகப்பா குழுமம் பிரிட்டனோட டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோட சேர்ந்து தொடங்கின டிஐ சைக்கிள்ஸ் மூலமா ஹெர்குலிஸ் சென்னையிலயே தயாரானது. யாழ்ப்பாணத்துக்காரங்ககிட்ட ராலேயைப் பத்திக் கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க. குரங்குப் பெடல் போட்டுப் பழகின அந்தத் தலைமுறை மேடு வந்தா இறங்கித்தான் தள்ளிச்சு. பின்னாடி அரிசி மூட்டையோட. யாரும் சிரிக்கலை.

அப்ப இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? என் அபிப்பிராயம், சைக்கிளைப் பந்தயமா மட்டும் பார்க்கப் பழகினதுல இருந்து. டிவியில பிரான்ஸ் பந்தயம். கையில ஸ்ட்ராவா. அந்த ஆப்ல ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு "மலை ராஜா" பட்டம் இருக்கு. இருபத்தஞ்சு வயசுல அதுக்கு ஆசைப்படுறது தப்பே இல்ல, நல்லா ஓட்டட்டும். ஆனா 54 வயசுல, சர்க்கரையும் பிரஷரும் வச்சுக்கிட்டு, பத்து வருஷமா அலுவலக நாற்காலியில உட்கார்ந்திருந்தவர், முதல் ஞாயித்துக்கிழமையே அந்தப் பட்டியலைப் பார்த்துட்டுப் பல்லைக் கடிச்சு ஏறுறது வேற. அவருக்கு ரெண்டுல ஒண்ணு நடக்கும். உடம்பைக் கெடுத்துக்குவார், இல்லன்னா சைக்கிளைக் கராஜ்ல போட்டுப் பூட்டிடுவார். நான் அதிகமாப் பார்க்கிறது ரெண்டாவதைத்தான். அதுவும் ஒரு நஷ்டம்தான். அது சத்தம் போடாததால யாரும் எண்ணுறதில்லை.

தெற்காசியர்களா இருக்கிற நமக்கு இந்த நஷ்டம் இன்னும் பெரிசு. குறைஞ்ச எடையிலேயே நமக்குச் சர்க்கரையும் இதய நோயும் வருது. அதனாலதான் பிரிட்டன்ல நம்மளோட பிஎம்ஐ 23-ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்றாங்க. மத்தவங்களுக்கு அந்த எல்லை 25.

சரி, எவ்வளவு கஷ்டம் போதும்? வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்புங்கிறது இங்கே அரசோட பரிந்துரை. மிதமானதுன்னா என்ன? பேச முடியணும், பாட முடியக் கூடாது. இதுக்கு வாட்ச் வேண்டாம். பக்கத்துல வர்றவர்கிட்ட ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்க. வாக்கியம் நடுவுல அறுந்தா இறங்கிடுங்க. குறிப்பா பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்கிறவங்க வாட்ச்ல தெரியுற இதயத் துடிப்பை நம்பாதீங்க. மாத்திரை அந்த எண்ணைக் குறைச்சுக் காட்டும்.

மின்சார சைக்கிள் பத்திக் கேப்பீங்க. "அது ஏமாத்து வேலை இல்லையா டாக்டர்?" யாரை ஏமாத்துறீங்க? பிரிட்டன் சட்டப்படி மோட்டார் தொடர்ந்து தரக்கூடிய சக்தி 250 வாட்டுக்கு மேல போகக் கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் தாண்டினா உதவி நின்னுடும். நீங்க மிதிச்சாத்தான் அதுவும் தள்ளும். 14 வயசு ஆனா போதும், லைசென்ஸ் வேண்டாம். 2019-ல ஏழு ஐரோப்பிய நகரங்கள்ல செஞ்ச ஆய்வுல, மின்சார சைக்கிள் ஓட்டுறவங்களோட மொத்த உடல் உழைப்பு சாதா சைக்கிள்காரங்களுக்குச் சமமா இருந்தது. காரணம், அவங்க அதிக தூரம் போறாங்க. முட்டித் தேய்மானம் இருக்கிறவங்க, இதய நோய்க்கு அப்புறம் மறுபடி தொடங்குறவங்க, ஒருத்தர் பலசாலியா ஒருத்தர் மெதுவா போகிற தம்பதிகள், இவங்களுக்கெல்லாம் நான் தயங்காம சொல்றது இதைத்தான்.

மேடே வேண்டாம்னாலும் வழி இருக்கு. 1963-ல பீச்சிங் அறிக்கை வந்து ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதையை மூடினாங்க. ஊர்களுக்கு அது பெரிய அடி. ஆனா நீராவி இன்ஜினால செங்குத்தா ஏற முடியாது. அதனால அந்தப் பாதைகள் எல்லாம் குன்றுகளுக்கு நடுவுல மெல்லிசா சரிஞ்சு போகும். பீக் டிஸ்ட்ரிக்ட்ல மான்சல் டிரெயில் அப்படி ஒண்ணு. சுமார் 13 கிலோமீட்டர். 2011-ல சுரங்கங்களையும் திறந்து விட்டுட்டாங்க. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, கீழே வை ஆறு, நீங்க பாலத்து மேல. முதல் நாளுக்கு அது போதும்.

பழகினதுக்கு அப்புறம் ஒரு முழுப் பயணம்னா, என் சிபாரிசு சீ டு சீ. கடல்ல இருந்து கடல். மேற்குக் கடற்கரை வைட்ஹேவன்ல தொடங்கி, லேக் டிஸ்ட்ரிக்ட், பென்னைன் மலைகளைத் தாண்டி, கிழக்குக் கடற்கரையில சண்டர்லாந்து. 1994-ல திறந்தது. சுமார் 225 கிலோமீட்டர். மூணு நாள்ல முடிக்கிறவங்க உண்டு. நீங்க அஞ்சு நாளாப் போங்க. மேற்குல இருந்து கிழக்கா போங்க. இந்த நாட்டுல காத்து பெரும்பாலும் தென்மேற்குல இருந்து அடிக்கும், முதுகுல கை வச்சுத் தள்ளும்.

என் நண்பர் ஒருத்தரோட இதைப் போனேன். அவருக்கு வயசு 58, மாரடைப்பு வந்து ரெண்டு ஸ்டென்ட் வச்சு மூணு வருஷம் ஆகியிருந்தது. மறுவாழ்வுப் பயிற்சி முழுசா முடிச்சவர், இதய நிபுணர் சரின்னு சொன்னவர். கெஸ்விக் வரைக்கும் பிரச்சினை இல்ல. அடுத்த நாள் ஈடன் பள்ளத்தாக்கு. லாங்வாத்பியில ஆத்தங்கரை கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரம். அங்கிருந்து ஹார்ட்சைடு உச்சி 580 மீட்டர். அவர் எடைக்கு அந்த ஏத்தம் மட்டும் சுமார் 500 கலோரி. ரெண்டு ஸ்கோன், கிளாட்டட் கிரீம், ஜாம் சாப்பிட்டா எல்லாம் திரும்பி வந்துடும். அவர் சாப்பிட்டார். நானும்தான்.

அந்த ஏத்தத்துல பாதியை அவர் தள்ளிக்கிட்டேதான் வந்தார். பத்து நிமிஷம் மிதிப்பார், இறங்குவார், கல் வேலி மேல சாய்ஞ்சு ஆட்டைப் பார்ப்பார், மறுபடி தள்ளுவார். பந்தய உடுப்புல ஒரு கூட்டம் எங்களைத் தாண்டிப் போச்சு. ஒவ்வொருத்தரும் தவறாம, "இதோ வந்துட்டீங்க, இன்னும் கொஞ்சம்தான்"னு சொல்லிட்டுப் போனாங்க. இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது. இங்கிலாந்துக்காரங்க மேட்டுல சொல்ற இந்தப் பொய்யை மட்டும் நான் மன்னிச்சிடுவேன்.

உச்சியில இருந்து மேற்கே பார்த்தா முழு ஈடன் பள்ளத்தாக்கு, லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள், வானம் தெளிவா இருந்தா ஸ்காட்லாந்து வரைக்கும் தெரியும். அங்கே பேர்போன ஒரு காபிக் கடை இருந்தது. 2018-ல தீ விபத்துல எரிஞ்சு போச்சு. அதனால டீயைப் பிளாஸ்க்ல எடுத்துட்டுப் போங்க. நண்பர் அங்க உட்கார்ந்துட்டு ஒண்ணு சொன்னார். "மூணு வருஷமா மாடிப்படி ஏறும்போதெல்லாம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கிட்டே ஏறுவேன். இன்னிக்கு ரெண்டு மணி நேரமா அதை மறந்துட்டேன்."

மாரடைப்புக்கு அப்புறம் வர்ற பயத்தை நாங்க மருந்துச் சீட்டுல எழுத முடியாது. அந்தப் பயத்தாலேயே அசையாம உட்கார்ந்து, அசையாததாலேயே இன்னும் நோயாளியானவங்களை நிறைய பார்த்திருக்கேன்.

இனி எனக்குக் கோபம் வர்ற இடம். இந்தச் சந்துகள்ல சைக்கிளுக்கு உண்மையான ஆபத்து மேடு இல்ல, கார். ரெண்டு பக்கமும் ஆள் உயர வேலிச்செடி, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம், வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருதுன்னு தெரியாது. அப்படிப்பட்ட பல ரோட்டுலயும் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல், கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர். இதுல எந்த நியாயமும் எனக்குப் புரியலை. 2022 ஜனவரியில நெடுஞ்சாலை விதிகளை மாத்தி, சைக்கிளைத் தாண்டும்போது குறைஞ்சது ஒன்றரை மீட்டர் இடம் விடணும்னு சேர்த்தாங்க. நல்லதுதான். ஆனா மூணு மீட்டர் ரோட்டுல அந்த ஒன்றரை மீட்டர் எங்கிருந்து வரும்? வேகத்தைக் குறைச்சாத்தான் வரும். உடற்பயிற்சி செய்யுங்கன்னு என்னைச் சொல்லச் சொல்ற அரசு, இந்தச் சந்துகளோட வரம்பையும் குறைக்கணும். சைக்கிள் வேண்டாம்னு சொல்ற பெண்கள்ல பாதிப் பேர் என்கிட்ட சொல்ற காரணம் முட்டி இல்ல, முதுகு இல்ல. கார்தான்.

அது வரைக்கும் ஒரு உபாயம். ரோட்டு நடுவுல புல் முளைச்சிருக்கிற சந்தாப் பார்த்துப் போங்க. அதுல கார் அதிகம் வராதுன்னு அர்த்தம். மணி அடிங்க. அறுவடை மாசமான ஆகஸ்ட்ல டிராக்டர் வரும், ஒதுங்கி நின்னு கை காட்டுங்க, டிரைவரும் கை காட்டுவார்.

மருத்துவரா சில விஷயங்கள் சொல்லியே ஆகணும்.

நெஞ்சுல பிடிப்பு, அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுற வலி, வழக்கத்துக்கு மீறின மூச்சுத்திணறல். மேட்டுல இதுல எது வந்தாலும் உடனே நில்லுங்க, உட்காருங்க. அடங்கலைன்னா 999. அடங்கிடுச்சுன்னாலும் "சரியாப் போச்சு"ன்னு மறுபடி ஏறாதீங்க, அன்னிக்கே மருத்துவர்கிட்ட பேசுங்க. மதியம் பப்ல வயிறு முட்டச் சாப்பிட்டு, குளிர் காத்துல, உடனே ஒரு ஏத்தம். இந்த மூணும் சேர்றது இதயத்துக்கு ரொம்பப் பிடிக்காத கூட்டணி. சாப்பிட்டா ஒரு மணி நேரம் சும்மா இருங்க. மலையில பேச சிக்னல் இருக்காது, ஆனா குறுஞ்செய்தி சில நேரம் போகும். 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்புற வசதியை முன்கூட்டியே பதிவு செஞ்சு வைக்கணும். கிளம்புறதுக்கு முந்தின நாளே செஞ்சுடுங்க.

இன்சுலின் போடுறவங்க, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவங்க இனிப்பைச் சட்டைப் பையில வச்சுக்கோங்க. பின்னாடி தொங்குற பையில இல்ல, கைக்கெட்டுற பையில. நாள் முழுக்க ஓட்டினா அன்னிக்கு ராத்திரி தூக்கத்துலயும் சர்க்கரை இறங்கலாம், படுக்கும்போது ஒரு தடவை பாருங்க. டாபாகிளிஃப்லோசின் வகை மாத்திரைன்னா தண்ணியும் சாப்பாடும் குறையவே கூடாது. அளவை மாத்துறது எதுவா இருந்தாலும் உங்க மருத்துவர்கிட்ட கேட்டுட்டு. ஆஸ்துமா இருக்கிறவங்க நீல இன்ஹேலரை மறக்காதீங்க. ஏத்தத்துல வேர்த்து, அதே சட்டையோட இறக்கத்துல குளிர் காத்து வாங்கினா மூச்சுக்குழல் சுருங்கும். உச்சியில நின்னு காத்துத் தடுப்புச் சட்டையைப் போட்டுட்டுத்தான் இறங்கணும்.

சீட் உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வச்சா முட்டி நேராகணும். அதைவிடத் தாழ்வா இருந்தா முட்டியோட முன்பக்கம் வலிக்கும். சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்துப் போனா உள்ளங்கையில நரம்பு நசுங்குதுன்னு அர்த்தம். கையை அடிக்கடி மாத்தி வைங்க. தொடைக்கு நடுவுல மரத்துப் போனாலும் வெட்கப்படாம சீட்டை மாத்துங்க.

கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணுதான். முன்னாடி இருக்கிற சின்னப் பல்சக்கரம், பின்னாடி இருக்கிற பெரிய பல்சக்கரத்தைவிடச் சின்னதா இருக்கணும். அது இருந்தா முக்கால்வாசி மேடு உட்கார்ந்தே போயிடும். மிச்சத்துக்குத்தான் கால் இருக்கே.

மே, ஜூன் நல்ல மாசம். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரப்பட வேண்டாம். ஆறேழு வாரம் முன்னாடியே பக்கத்து ரோட்டுல ஓட்டிப் பழகுங்க. ரயில்ல சைக்கிளுக்கு இடம் ரொம்பக் கம்மி, முன்பதிவு தேவையான்னு பார்த்துடுங்க. வைட்ஹேவன்ல பின் சக்கரத்தைக் கடல்ல நனைச்சுட்டுக் கிளம்புறதும், சண்டர்லாந்துல முன் சக்கரத்தை நனைக்கிறதும் வழக்கம். உப்புத்தண்ணி செயின்ல பட்டா துரு ஏறும், மறக்காம துடைச்சிட்டுக் கிளம்புங்க.